ஊறப்போட்ட பைகள்

மாசி மாதம் சனசமூக நிலையத்தில் நடந்த கூட்டத்தில் வினோஜாவிடம் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்கள். அதற்கு அவள் சொன்னதும் ஒரேயொரு சொல்தான்.

அவளை அங்கே கூட்டிவந்து பேச வைத்தது பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். பட்டம் முடித்துவிட்டு வேலை இல்லாமல் வீட்டில் இருந்தவளை அவர்தான் தன் ஆய்வுக்கு உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். வேலணையில் இலுப்பையடிக் குளத்துக்குள் பிளாஸ்டிக் சொப்பிங் பைத் துண்டுகளைக் கட்டித் தொங்கவிட்டு, குளத்து நுண்ணுயிர்கள் அவற்றில் எப்படிக் குடியேறுகின்றன, எதைத் தின்கின்றன என்று பார்ப்பதுதான் ஆய்வு. குளத்தைப் பாவிக்க ஊர்ச் சனத்திடம் அனுமதி கேட்க வேண்டும். அப்படியே ஆய்வைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

"பத்து நிமிசம் கதைச்சால் காணும்," என்றார் பேராசிரியர்.

நாலு பேருக்கு முன்னால் தன் பெயரைச் சொல்லவே வினோஜாவுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதிவந்த தாள்களைப் பார்த்து வாசித்தாள். சொப்பிங் பையைத் தண்ணீரில் போட்டால் அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் காபன் கரைந்து வரும். குளத்து நுண்ணுயிர்கள் அதை விரும்பித் தின்னும். உக்கிய இலையிலிருந்து வருவதைத் தின்பதைவிட வேகமாகத் தின்னும். இதுவரை வாசித்தாள். கரைந்து வருவது பையில் மிகச் சிறு பங்குதான், பை அப்படியேதான் கிடக்கும் என்பது கடைசித் தாளில் இருந்தது. அதற்குள் பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். அவள் அந்தத் தாளை மற்றத் தாள்களுக்கு அடியில் வைத்தாள்.

அப்போதுதான் மாதர் சங்கத் தலைவி மனோகரி எழும்பினாள்.

"அப்ப பிள்ளை, குளத்துக்குள்ள போட்டால் சொப்பிங் பையும் தேங்காய்ப் பொச்சுமட்டை மாதிரி உக்குமோ?"

நூறு கண்கள் வினோஜாவின் முகத்தில் வந்து நின்றன.

"ஓம்," என்றாள் அவள்.

அடுத்து ஓர் 'ஆனால்' வரவேண்டியிருந்தது. அதைச் சொல்லாமல் தாள்களை அடுக்கினாள். சனம் கை தட்டியது. பேராசிரியர் நன்றி சொல்லி எழும்பிவிட்டார். பஸ்ஸில் திரும்பிப் போகையில் அவளுக்குப் பெரிய நிம்மதி. கூட்டம் முடிந்துவிட்டது என்ற நிம்மதி.

கடைசித் துண்டுகளை எடுக்க ஆவணியில்தான் அவள் திரும்பவும் வேலணைக்கு வந்தாள். இடையில் மாதாமாதம் வந்துபோனது வேறொரு மாணவன். மோட்டார் சைக்கிளில் வருவான், குளக்கட்டு ஓரத்தில் நட்ட கம்பிலிருந்து ஒரு துண்டை அவிழ்ப்பான், ஒருவரோடும் கதைக்காமல் போய்விடுவான். அவன் கொண்டுவருவதை நுணுக்குக்காட்டியின் கீழே வைத்துப் பார்ப்பதுதான் வினோஜாவின் வேலை.

அந்த வேலை அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. வழுக்கும் பிளாஸ்டிக்கில் முதல் நாளே யாரோ சிலர் வந்து ஒட்டிக்கொள்வார்கள். ஒட்டியதும் தங்களைச் சுற்றிப் பசை ஒன்றைச் சுரப்பார்கள். அந்தப் பசையைப் பிடித்துக்கொண்டு வேறு ஆட்கள் வருவார்கள். பிறகு பாசி வரும், பாசியை மேய உருண்டையும் நீளமுமாக என்னென்னவோ வரும், மேய வந்தவற்றைப் பிடித்துத் தின்னவும் ஒன்று வரும். கொஞ்ச நாளில் நகத்தளவு துண்டில் ஓர் ஊரே எழும்பிவிடும். அங்கே ஒருவரும் அவளிடம் கேள்வி கேட்பதில்லை.

ஆவணி வெயிலில் குளம் வற்றியிருந்தது. நடுக்குழியில் மட்டும் தண்ணீர், கம்படியில் ஈரச் சேறு. சுற்றிவர மாடுகளின் குளம்புக் குழிகள் காய்ந்து கிடந்தன. வினோஜா குனிந்து கம்பிலிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை! யூனிவேர்சிற்றிப் பிள்ளை!"

மனோகரி குளக்கட்டில் ஓடிவந்தாள். வீட்டில் போடும் சோட்டிக்கு மேலே ஒரு துவாய். வந்ததும் வினோஜாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீர் வருவீர் எண்டு எனக்குத் தெரியும். இஞ்ச வாரும். வந்து பாரும்."

நடுக்குழியின் விளிம்பில் நின்று கை நீட்டிக் காட்டினாள். கலங்கல் தண்ணீருக்குள் மேடு மேடாக ஏதோ கிடந்தது. பழைய மீன்வலைத் துண்டுகளில் கட்டிய மூட்டைகள். ஒவ்வொன்றின் மேலும் முருகைக்கல் வைத்துக் கட்டியிருந்தது. குழியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை அதே மேடுகள்.

"என்னக்கா இது?"

"என்னவோ? நீர் சொன்ன வேலைதான்! ஊரில கிடந்த அவ்வளவு பிளாஸ்ரிக்கும் உதுக்குள்ளதான்."

வினோஜா மூட்டைகளை எண்ணத் தொடங்கினாள்; எண்ணி முடியவில்லை. மனோகரி அவளைச் சும்மா விடவில்லை. தேத்தண்ணி குடிக்காமல் போகக்கூடாது என்று வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

வீட்டு விறாந்தையில் அவள் கணவன் சிவபாதம் கதிரையில் இருந்து தென்னந்தும்பு திரித்துக்கொண்டிருந்தார். முன்பு அவருக்குச் சொந்தமாகத் தும்புத் தொழில் இருந்தது. இப்போது வீட்டுத் தேவைக்குக் கயிறு திரிப்பதோடு சரி.

"இவதான் அந்தப் பிள்ளையோ?" என்று எழும்பினார். "இரும், இரும். உம்மைக் கும்பிட வேணும் நான்."

"இஞ்சருங்கோ, பிள்ளையைப் பயப்படுத்தாதேங்கோ," என்றாள் மனோகரி.

சிவபாதத்துக்குத் தன் மூளையில் பிறந்த திட்டத்தை விளக்கும் ஆசை. "பொச்சுமட்டையை வலையில கட்டி, மேல கல்லு வைச்சு, தண்ணிக்குள்ள தாட்டுவிட்டால் ஆறேழு மாசத்தில உக்கிப்போகும். பேந்து எடுத்துத் தட்டினால் தும்பு வேறை, சக்கை வேறை. அதைச் செய்யிறதும் கிருமிதானே? மட்டையெண்டால் என்ன, சொப்பிங் பையெண்டால் என்ன, கிருமிக்குப் பசி ஒண்டுதானே பிள்ளை?"

சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். நீளமான சிரிப்பு. மனோகரி அந்தச் சிரிப்பு முடியும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பார்த்தீரோ? முந்தியெண்டால் இப்பிடிச் சிரிக்க ஏலாது. பாதியில மூச்சு முட்டும்." அவள் குரல் தாழ்ந்தது. "குப்பை எடுக்கிற உழவு இயந்திரம் இந்தப் பக்கம் வந்தால் வந்தது, வராட்டில் இல்லை. எல்லாரும் வளவுக்குள்ள போட்டுக் கொளுத்துறவை. அந்தப் புகை பட்டால் காணும், இந்த மனிசன் விடியும்வரை குந்திக்கொண்டிருந்து இழுக்கும். நீர் சொன்ன பிறகு நான் வீடு வீடாப் போனனான். கொளுத்தாதேங்கோ, என்னட்டைத் தாங்கோ எண்டு கேட்டு வாங்கினன். பங்குனிக்குப் பிறகு இவருக்கு முட்டு வரேல்ல. உம்மாலதான்."

"நானும் கொஞ்சம் கல்லுத் தூக்கினனான்," என்றார் சிவபாதம்.

"ஆழ்வாப்பிள்ளை அண்ணைதான் குறுக்க நிண்டவர். மனோகரி குளத்தைக் குப்பைக் கிடங்காக்கப் போறாள் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சார். படிச்ச பிள்ளை வந்து சொன்னது, மாடு மேய்க்கிற உங்களுக்கு என்ன தெரியும் எண்டு கேட்டிட்டன். அதோட கதை இல்லை."

தேத்தண்ணி வந்தது. "குடியும். குளத்தடிக் கிணத்துத் தண்ணி. குளத்தில தண்ணி நிக்கிற வரைக்கும் அந்தக் கிணறு இனிக்கும். இந்த வட்டாரம் முழுக்க அதைத்தான் குடிக்கிறது."

வினோஜா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"அக்கா…"

"என்னம்மா?"

சிவபாதம் தும்பைத் திரித்தபடி ஏதோ பழைய பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மூச்சு விடாமல் ஒரு முழு வரியைப் பாடினார்.

"தேத்தண்ணி நல்லா இருக்கு," என்றாள் வினோஜா.

புறப்படும்போது மனோகரி படலை வரை வந்தாள். புரட்டாதியில், மழைக்கு முன்னம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூட்டைகளை எடுத்துப் பார்க்கப் போகிறார்கள். பக்கத்து ஊரான சரவணையிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். உக்கியிருப்பதைக் கண்டால் அவர்களும் தங்கள் குளத்தில் போடுவார்களாம். "முதல் மூட்டையை நீர்தான் அவிழ்க்க வேணும். மாட்டன் எண்டு சொல்லக்கூடாது." வினோஜா சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தாள்.

ஆய்வுகூடத்தில் கடைசித் துண்டுகளைச் சவர்க்காரக் கரைசலில் கழுவினாள். பச்சையும் கறுப்புமான வழுவழுப்பு நீரோடு போனது. உலர்த்தித் தராசில் வைத்தாள். போட்ட அன்று இருந்த அதே துண்டு. எடையில் சொல்லும்படியாக ஒரு மாற்றமும் இல்லை.

இது அவள் எதிர்பார்த்ததுதான். நுண்ணுயிர்கள் தின்றது பையிலிருந்து முதல் நாட்களில் கரைந்து வந்த கொஞ்சத்தை. அதன் பிறகு அவை பையைக் குடியிருக்கும் தரையாகத்தான் வைத்திருந்தன. வெயில் படும் இடத்திலேயே இப்படியென்றால், சேற்றில் இருட்டுக்குள் கட்டிக் கிடக்கும் மூட்டைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மூட்டைகளில் புதுப் பைகள் மட்டும் இல்லை. வேலியில் கிடந்து வெயிலில் காய்ந்தவை, பாதி எரிந்து முறுகியவை எல்லாம் இருக்கும். அவை உக்காது, நொறுங்கும். ஐப்பசி மழைக்குக் குளம் நிரம்பினால் நொறுங்கியதெல்லாம் மண்ணுக்குள் போகும். அந்த மண்ணுக்குப் பக்கத்தில்தான் கிணறு.

பேராசிரியரிடம் போனாள். கதவடியில் நின்றே சொன்னாள். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"நாங்கள் குளத்துக்குள்ள போடச் சொல்லேல்லையே, வினோஜா."

"இல்லை சேர். உக்குமோ எண்டு கேட்டவை. நான் ஓம் எண்டனான்."

"அதில பிழையில்லையே. உக்கும்தானே, எத்தனையோ நூறு வருசத்தில." சிரித்தார். "கட்டுரை வரட்டும். பேந்து ஒருக்காப் போய் வடிவா விளங்கப்படுத்துவம்."

கட்டுரை வருவதற்குள் மழை வந்து போய்விடும். அதை அவள் அவரிடம் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னதைப் பலமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். நாங்கள் போடச் சொல்லவில்லை. உண்மைதான். நான் சொன்னதும் பிழையில்லை. அதுவும் உண்மைதான். இரண்டும் உண்மையாக இருந்தும் சோறு இறங்கவில்லை. அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டுக் காய்ச்சல் இல்லை என்றாள்.

மூட்டை அவிழ்க்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு முந்திய வெள்ளிக்கிழமை மனோகரிக்கு ரெலிபோன் எடுத்தாள். சொல்ல வேண்டிய வசனத்தை மனதுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டுதான் எடுத்தாள்.

"ஆர், வினோஜாவோ? நல்லதாப் போச்சு, நானே எடுக்க இருந்தனான். நீர் மீன் மச்சம் சாப்பிடுவீரோ, புரட்டாதி எண்டு விடுறனீரோ?"

"அக்கா, அது… விடுறனான்."

"அப்ப மரக்கறி வைக்கிறன். ஞாயிற்றுக்கிழமை வெள்ளனப் பஸ்ஸில வாரும். போனை வைக்கட்டோ? அடுப்பில கறி கிடக்கு."

ரெலிபோன் அடங்கியது. அடுக்கி வைத்திருந்த வசனம் அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை குளக்கட்டில் பொங்கலுக்குக் கூடுவது போலச் சனம் கூடியிருந்தது. மாதர் சங்கத்துப் பெண்கள் ஒரே நிறச் சேலை. சரவணைக்காரர் ஒரு வானில் வந்திருந்தார்கள். ஆழ்வாப்பிள்ளை தன் மாடுகளை மறுகரையில் விட்டுவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தனியாக நின்றார்.

"என்ன அண்ணை, தள்ளி நிக்கிறியள்? கிட்ட வாங்கோவன்," என்று மனோகரி கூப்பிட்டாள்.

"இஞ்ச நிண்டாலே மணக்குது," என்றார் அவர்.

நாலு இளைஞர்கள் குழிக்குள் இறங்கி ஒரு மூட்டையை இழுத்து வந்தார்கள். கரையில் போட்டதும் கறுப்புத் தண்ணீர் நாலு பக்கமும் ஓடியது. மனோகரி கத்தியைக் கொடுத்தாள். வினோஜா வலையை வெட்டினாள்.

உள்ளே இருந்ததைக் கண்டு கூட்டம் 'ஆ' என்றது. பைகள் பை போலவே இல்லை. கறுத்து, பச்சை பிடித்து, வழுவழுவென்று ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. கையில் எடுத்தால் சதை போல வழுக்கியது. உக்கிய மட்டையின் அதே நாற்றம்.

"உருகிப்போச்சு!" என்றாள் மனோகரி. அவள் கண் கலங்கியிருந்தது. "பாருங்கோ, எல்லாரும் வந்து பாருங்கோ. உருகிக்கொண்டு வருது!"

"பதம் வந்திட்டுது," என்றார் சிவபாதம். "இன்னும் ஒரு மாரி கிடந்தால் கையில வராது."

பெண்கள் கை தட்டினார்கள். சரவணைக்காரர் ஒருவர் ரெலிபோனில் படம் பிடித்தார். "நாங்களும் அடுத்த கிழமையே தொடங்குவம்," என்றார் பக்கத்தில் நின்றவரிடம். ஆழ்வாப்பிள்ளைகூட நாலு அடி கிட்ட வந்து எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தாடையைத் தடவினார்.

வினோஜாவுக்கு அந்த வழுவழுப்பைத் தெரியும். ஏழு மாதமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த இடத்தில் அதைத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அவள் வாயைத் திறக்காவிட்டால் ஒருவரும் ஒருநாளும் கண்டுபிடிக்கப் போவதில்லை. மூட்டையைத் திருப்பிக் கட்டுவார்கள். மழை வரும். சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறலாம்.

"அக்கா, ஒரு வாளி தண்ணியும் சவர்க்காரமும் வேணும்."

"கை நாறுதோ? உடன கொண்டருவிக்கிறன்."

வாளி வந்தது. வினோஜா குந்தியிருந்து, மூட்டையிலிருந்து கையில் அகப்பட்ட ஒரு பையை இழுத்து எடுத்தாள். வாளிக்குள் அமுக்கினாள். சவர்க்காரம் போட்டாள். பெருவிரலால் தேய்த்தாள். கறுப்பு கழன்றது, பச்சை கழன்றது. அடியிலிருந்து மஞ்சள் வந்தது. மஞ்சளில் சிவப்பு எழுத்து வந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பெண் குனிந்து எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"அஜந்தா… றெக்ஷன்… திருமண… அட, ஆழ்வாப்பிள்ளை அண்ணையின்ர மகளின்ர கலியாணப் பை!"

கூட்டம் வெடித்துச் சிரித்தது.

"அண்ணை, உங்கட மகளின்ர கலியாணத்தை ஆராலும் அழிக்க ஏலாது போல!"

ஆழ்வாப்பிள்ளை வந்து பையை வாங்கி, இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்த்தார். அது நீண்டது, கிழியவில்லை. "நான் அண்டைக்கே நல்ல பையாத்தான் அடிப்பிச்சனான்," என்றார். அவரும் சிரித்தார். கனடாவிலிருக்கும் மகளின் பெயரை ஒருதரம் விரலால் துடைத்தார்.

சிரிக்காதவள் மனோகரி மட்டும்தான்.

"மற்றதையும் கழுவும்," என்றாள்.

வினோஜா இன்னொன்றைக் கழுவினாள். சவர்க்காரத் தூள் பை. எடையும் விலையும் வாசிக்கக்கூடியதாக இருந்தன. இன்னொன்று. பிஸ்கற் உறை. படத்திலிருந்த பிள்ளை சிரித்தது. ஒவ்வொரு பையாகக் கழுவக் கழுவக் கூட்டத்தின் சிரிப்பு அடங்கியது.

வினோஜா எழும்பினாள். "நான் பிழையாச் சொல்லிப்போட்டன்."

"என்னவாம்? என்ன சொல்லுறா?" என்று பின்னாலிருந்து குரல்கள்.

"சத்தமாச் சொல்லு பிள்ளை," என்றார் ஆழ்வாப்பிள்ளை. "உந்தக் குரல் மாட்டுக்கும் கேளாது."

திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவையைவிட இரண்டாம் தடவை சொல்வது கடினமாக இருந்தது.

"இது உக்கேல்ல. மேல கிருமி குடியிருக்குது, அந்த வழுவழுப்பு அதுதான். உள்ள பை அப்பிடியே இருக்குது. எங்கட காலத்தில உக்காது. எங்கட பிள்ளையளின்ர காலத்திலயும் உக்காது. ஆரும் இனிக் குளத்துக்குள்ள போடாதேங்கோ. போட்டதையும் மழைக்கு முன்னம் எடுக்க வேணும்." மூச்சு எடுத்தாள். "மனோகரி அக்காவில பிழையில்லை. அவ வடிவாக் கேட்டவ. நான்தான் ஓம் எண்டு சொல்லிப்போட்டு மிச்சத்தைச் சொல்லாமல் விட்டனான்."

சரவணைக்காரர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். படம் பிடித்தவர் ரெலிபோனைச் சட்டைப் பைக்குள் போட்டார். கொஞ்ச நேரத்தில் வான் புறப்படும் சத்தம் கேட்டது. அதற்குள்ளிருந்து ஒரு சிரிப்பும் கேட்டது.

மனோகரி வினோஜாவுக்கு எதிரே வந்து நின்றாள்.

"ஆவணியில வந்து என்ர வீட்டில தேத்தண்ணி குடிச்சீரே. அப்பவும் உமக்குத் தெரியுமோ?"

"தெரியும் அக்கா."

"வெள்ளிக்கிழமை எடுத்தனீரே?"

"அதைச் சொல்லத்தான் எடுத்தனான்."

மனோகரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஏசுவாள் என்று வினோஜா காத்திருந்தாள். ஏசினால் நல்லது என்றுகூட நினைத்தாள்.

"உமக்கெண்டு மரக்கறி வைச்சிருக்கிறன்," என்றாள் மனோகரி. சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள்.

அவள் இறங்கியதும் மற்றப் பெண்களும் இறங்கினார்கள். வினோஜாவும் இறங்கினாள். அடுத்த மூட்டை வலையோடு முழுதாக வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. பிறகு வந்தவற்றில்தான் கோளாறு. வெயிலில் காய்ந்த பைகளைக் கட்டிய மூட்டைகளை இழுத்தபோது வலைக்கண்களுக்குள்ளால் உள்ளே இருந்தது பொரிந்து உதிர்ந்தது. தண்ணீரின் மேல் வெள்ளையும் நீலமுமாகப் பொடிகள் மிதந்தன. பூ இதழளவு, நகத்தளவு, உப்புக்கல்லளவு. கையால் அள்ளினால் விரலுக்குள்ளால் போயின.

"இதை என்ன செய்யிறது?" என்றாள் ஒருத்தி.

வினோஜாவுக்கும் தெரியவில்லை. யாரோ வீட்டிலிருந்து பழைய நுளம்புவலை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதை இரண்டு பக்கமும் பிடித்துத் தண்ணீரை அரித்தார்கள். ஒரு முனை வினோஜாவின் கையில். மறுமுனை மனோகரியின் கையில். இரண்டு பேரும் குழியின் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரை வரை நடந்தார்கள், திரும்பினார்கள், நடந்தார்கள். மனோகரி வலையைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், வினோஜாவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. பெரிய பொடிகள் வலையில் தங்கின. சிறியவை வலையின் கண்ணுக்குள்ளால் போவதை வினோஜா பார்த்தாள். அதைவிடச் சிறியவை பார்க்கக்கூடியவை அல்ல.

கரையிலிருந்து ஒரு பெண் கேட்டாள். "பிள்ளை, அப்ப கிணத்துத் தண்ணி குடிக்கலாமோ?"

எல்லோரும் வேலையை நிறுத்தினார்கள். குடிக்கலாம் என்றால் எல்லோருக்கும் நிம்மதி. குடிக்கக்கூடாது என்றாலும் ஒரு முடிவு. இரண்டில் ஒன்றைச் சொல்வது இலகுவாக இருந்திருக்கும்.

"எனக்குத் தெரியாது," என்றாள் வினோஜா. "சோதிச்சுப் பார்த்தால்தான் தெரியும். இண்டைக்குப் போத்திலில எடுத்துக்கொண்டு போறன். முடிவு வரும்வரைக்கும் குடிக்காமல் விட்டால் நல்லது."

"அப்ப எதைக் குடிக்கிறது? சாட்டியில இருந்து தண்ணிப் பவுசர் வருமெண்டு பார்த்துக்கொண்டிருக்கிறதோ?"

அந்தப் பெண் கிணற்றடியில் வைத்திருந்த தன் குடத்தைக் கவிழ்த்துக் கொட்டினாள். தண்ணீர் மண்ணில் ஓடி மறைந்தது.

மத்தியானம் கடந்தபோது கரையில் ஆளுயரத்துக்குக் கறுப்புக் குவியல். குழிக்குள் இன்னும் பாதி கிடந்தது. வெயிலில் நாற்றம் கிளம்பி மாடுகளே தள்ளிப் போய் நின்றன.

"சரி, எடுத்தாச்சு. இனி என்ன?" என்றார் ஆழ்வாப்பிள்ளை. "காய்ஞ்சதும் ஒரு நெருப்புக்குச்சி காணும்." மடியிலிருந்து லைற்றரை எடுத்து விரலுக்குள் உருட்டினார்.

குவியலுக்கு அந்தப் பக்கம் சிவபாதம் முருகைக்கற்களை ஒதுக்கிக்கொண்டிருந்தார். குனிந்தவருக்கு இருமல் வந்தது. நாற்றத்துக்கு வந்த சாதாரண இருமல்தான். ஆனால் நிற்கவில்லை. கல்லில் கை ஊன்றி இருமினார். மனோகரி நுளம்புவலையைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு ஓடிப்போய் அவர் முதுகைத் தடவினாள்.

ஆழ்வாப்பிள்ளை லைற்றரைத் திரும்ப மடிக்குள் வைத்தார்.

"நான் கொண்டுபோறன்," என்றாள் வினோஜா.

"எங்க?"

"யாழ்ப்பாணத்தில பிளாஸ்ரிக் எடுக்கிற இடம் இருக்கு. கழுவிக் காய வைச்சால் எடுப்பினம்."

"எதில கொண்டுபோவாய்?"

"பஸ்ஸில."

சிலர் சிரித்தார்கள். ஆழ்வாப்பிள்ளை சிரிக்கவில்லை. "உவ்வளவையுமோ?" என்றார். வினோஜா குவியலைப் பார்த்தாள். பிறகு குழியைப் பார்த்தாள். ஓம் என்று தலையை ஆட்டினாள்.

இரண்டு உரப்பைகளில் கழுவியவற்றை அடைத்தார்கள். முழுதாகக் காய நேரமில்லை. தண்ணீர்ப் போத்திலைத் தோள்பைக்குள் வைத்தாள். மனோகரி வாளியடியில் குந்தியிருந்து பை கழுவிக்கொண்டிருந்தாள். காலையில் கட்டியிருந்த புதுச் சேலை இடுப்பு வரை கறுத்துப் போயிருந்தது.

"போட்டு வாறன் அக்கா."

மனோகரி கழுவிய பையை உதறி வேலியில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள்.

"வாரும் பிள்ளை," என்றார் சிவபாதம், மனைவிக்காகவும் சேர்த்து.

மரக்கறிச் சாப்பாட்டை ஒருவரும் பேச்சில் எடுக்கவில்லை. வினோஜாவும் கேட்கவில்லை.

பஸ்ஸில் மூட்டைகளை ஏற்ற இரண்டு தரம் இறங்கி ஏற வேண்டியிருந்தது. வாசலடிச் சீற்றில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னுக்குப் போனார்கள். கொண்டக்டர் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தார்.

"என்ன பிள்ளை உது? செத்த மீனோ?"

"சொப்பிங் பையள் அண்ணை. குளத்துக்குள்ள இருந்து எடுத்தது."

"குளத்துக்குள்ள உதை ஆர் போட்டது, விசர்க் கூட்டம்?"

பஸ் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது.

"அவையில பிழையில்லை. என்ர கதையைக் கேட்டுத்தான் போட்டவை."

கொண்டக்டர் அவளையும் மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். "உதென்ன கதையோ எனக்கு விளங்கேல்ல. இண்டைக்கு மட்டும் விடுறன். இனி ஏத்தக்கூடாது."

"வாற ஞாயிறும் கொண்டருவன் அண்ணை," என்றாள் வினோஜா. "அடுத்த ஞாயிறும். இன்னும் கனக்கக் கிடக்கு."

அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் முன்னாலிருந்து ஒருவர் மிச்சக் காசு கேட்டுச் சத்தம் போட, முணுமுணுத்தபடி போய்விட்டார்.

மண்டைதீவுச் சந்தியில் பஸ் பிரேக் அடித்தது. மூட்டைகளின் அடியிலிருந்து கறுப்புத் தண்ணீர் கசிந்து, பலகையில் ஒரு கோடாக, முன்சீற்றில் இருந்த அம்மா ஒருவரின் வெள்ளைச் செருப்பை நோக்கி ஓடத் தொடங்கியது. வினோஜா தன் துப்பட்டாவைத் தோளிலிருந்து எடுத்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, நடைபாதையில் முழங்கால் ஊன்றி அந்தத் தண்ணீரை மறித்தாள்.